ஜெட் படகின் துப்புரவு மூடியும் அதன் ரப்பர் வளையமும்

திருவனந்தபுரத்திலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் பொன்முடி மலை அமைந்துள்ளது. மலையின் மேற்பகுதியில் தேயிலைத் தோட்டங்களும் புல்வெளிகளும், அடிவாரத்தில் விதுரை, பாலோடு முதலிய ஊர்களைச் சுற்றி ரப்பர்த் தோட்டங்களும் காணப்படுகின்றன. மலைச்சரிவிலிருந்து இறங்கும் கல்லாறு வாமனபுரம் ஆற்றுடன் சேர்ந்து மேற்கே கடலை நோக்கிச் செல்கிறது. பெயருக்கேற்ப, அதன் படுகை முழுவதும் உருண்டைக் கற்களே. மழைக்காலத்தில் இவ்வாற்றில் வரும் வெள்ளம் இலை, சருகு, சுள்ளி, மணல் ஆகியவற்றைத் திரட்டிக்கொண்டு கீழே இறங்குகிறது.

பாறைகள் நிறைந்த அந்த மேல்படுகை படகு விடுவதற்கு ஏற்றதன்று. எனினும் அங்கு விளையும் ரப்பரும், அங்கிருந்து மிதந்து வரும் குப்பையும், கீழே ஆறுகளிலும் காயல்களிலும் ஓடும் ஒரு வகைப் படகின் சிறு உறுப்பொன்றில் சந்திக்கின்றன. ஜெட் படகின் துப்புரவு மூடியே அவ்வுறுப்பு. குப்பையை அகற்றுவதற்காக அம்மூடி திறக்கப்படுகிறது. மீண்டும் மூடியபின் நீர் புகாமல் காப்பது அதன் ரப்பர் வளையம். விரற்கடை அகலங்கூட இல்லாத இவ்வளையம் பழுதுற்றால் படகு வேகம் இழக்கும். சில சமயங்களில் மூழ்கவும் கூடும். ஆகவே அதன் தன்மையை அறிந்து பேணுதல் படகைக் கையாளும் ஒவ்வொரு பணியாளருக்கும் அவசியமாகும்.

ஜெட் படகு இயங்கும் விதம்

சாதாரண யந்திரப் படகின் அடியில் சுழல்விசிறி நீருக்குள் நீண்டிருக்கும். ஆழமற்ற நீரில் அது கல்லில் மோதி உடையும். நீரில் தத்தளிப்பவருக்கும் அதனால் அபாயமுண்டு. ஜெட் படகில் வெளியே நீட்டிய விசிறி இல்லை. படகின் அடித்தட்டில் உள்ள வாய் வழியாக நீர் உள்ளே இழுக்கப்படுகிறது. குழாயினுள் சுழலும் உந்துசக்கரம் அதை வேகப்படுத்துகிறது. அதன் பின்னால் அசையாமல் பொருத்தப்பட்டுள்ள இதழ்கள் நீரின் சுழற்சியை நேர்படுத்துகின்றன. பின்னர் ஒடுங்கிய மூக்குக் குழாய் வழியாக நீர் தாரையாகப் பின்னோக்கிப் பாய, அதன் எதிர்விசையால் படகு முன்னேறுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதிக்கு இது தெளிவான உதாரணமாகும்.

இவ்வகைப் படகைச் செம்மைப்படுத்திய பெருமை நியூசிலாந்து நாட்டின் வில்லியம் ஹாமில்டனைச் சாரும். அந்நாட்டின் தென் தீவிலுள்ள ஆறுகள் கல்லாற்றைப் போலவே கற்படுகையும் ஆழக்குறைவும் உடையவை. அவற்றில் செல்வதற்காகவே அவர் 1950-களில் தம் படகுகளை உருவாக்கினார். 1960-ஆம் ஆண்டில் இப்படகுகள் அமெரிக்காவின் கொலராடோ ஆற்றில் பெரும் பள்ளத்தாக்கினூடே நீரோட்டத்தை எதிர்த்து ஏறிச் சென்றன. இந்திய மக்களுக்கு ஜெட் படகு அறிமுகமானது 1977-ஆம் ஆண்டிலாகும். எவரெஸ்ட் சிகரம் ஏறிய எட்மண்ட் ஹில்லாரி, அவ்வாண்டு மூன்று ஜெட் படகுகளுடன் வங்கக் கடலிலிருந்து புறப்பட்டுக் கங்கையின் வழியே ஹரித்துவாரத்தைக் கடந்து நந்தப்பிரயாகை வரை சென்றார். அதற்கு மேல் அருவி குறுக்கிட்டதால் படகுப் பயணம் அங்கு முடிவுற்றது. பின்னர் நம் கடற்படையிலும் நீர்த்தாரை உந்துவிசை இடம்பெற்றது. கொல்கத்தாவின் கார்டன் ரீச் கப்பல் கட்டும் தளத்தில் உருவாகி, 2009-ஆம் ஆண்டு முதல் பணியில் சேர்ந்த கார் நிக்கோபார் வகை ரோந்துக் கப்பல்கள் இம்முறையில் இயங்குபவையாகும்.

துப்புரவு மூடியின் அவசியம்

நீர் புகும் வாயில் கம்பித் தடுப்பு உண்டு. பெரிய கற்களை அது தடுத்துவிடும். கயிறு, பாசி, ஆகாயத்தாமரையின் வேர், பிளாஸ்டிக் பை முதலியவை கம்பிகளினூடே நுழைந்து உந்துசக்கரத்தில் சுற்றிக்கொள்ளும். அப்போது யந்திரம் வேகமாகச் சுழன்றாலும் படகு நகராது; அதிர்வும் உண்டாகும். படகைக் கரையேற்றாமல் இக்குப்பையை அகற்றுவதற்காகவே குழாயின் மேற்புறத்தில் ஒரு துளையும், அதற்கு ஒரு மூடியும் அமைக்கப்பட்டுள்ளன.

மூடிகளில் இரு வகை பெரும்பான்மை. முதல் வகையில் உருண்டையான குறுக்குவெட்டுடைய ரப்பர் வளையம் ஒரு பள்ளத்தில் அமர்ந்திருக்கும். மூடியைத் திருகும்போதோ கொக்கியிட்டு இறுக்கும்போதோ வளையம் நசுங்கி இடைவெளியை அடைக்கும். இரண்டாம் வகையில் மூடியைச் சுற்றித் தடித்த ரப்பர்ப் பட்டை உண்டு. கைப்பிடியைத் திருப்பினால் அது மேலும் கீழும் அழுத்தப்பட்டுப் பக்கவாட்டில் விரிந்து துளையின் சுவரைப் பற்றிக்கொள்ளும்.

மூடியின்மீது செயல்படும் அழுத்தம் எளிதானதன்று. ஓடும் நீர் முழுவதுமாகத் தடுக்கப்பட்டால் அதன் வேகம் அழுத்தமாக மாறும். படகு மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் செல்லும்போது இவ்வழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய அரைக் கிலோகிராம் அளவை எட்டக்கூடும். மூடியின் விட்டம் 10 சென்டிமீட்டர் எனில் அதன் பரப்பு 78.5 சதுர சென்டிமீட்டர். அதன்மேல் ஏற்படும் மொத்த விசை ஏறத்தாழ 40 கிலோகிராம் எடைக்குச் சமம். வேகம் இரு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகும். விசையும் 160 கிலோகிராம் வரை உயரும். இவை மேல்வரம்பான அளவுகள். உண்மையில் ஏற்படும் அழுத்தம் குழாயின் அமைப்பைப் பொறுத்து இதனினும் குறைவாக இருக்கும். ஆயினும் சரியாக அமராத மூடி ஓட்டத்தின்போது தெறித்து வெளியேறுவதன் காரணம் இக்கணக்கிலிருந்து விளங்கும்.

சில நிலைகளில் குழாயினுள் அழுத்தம் குறைந்து உறிஞ்சுதல் நிகழும். படகு மெல்லச் செல்லும்போது யந்திரத்தை விரைவாக முடுக்கினால் இவ்வாறு ஆகும். அப்போது வளையம் பழுதாக இருப்பின் நீர் வெளியே வராது. காற்று உள்ளே இழுக்கப்படும். காற்றுக் கலந்த நீரை உந்துசக்கரம் பற்றித் தள்ள இயலாது. ஆகவே குப்பை ஏதும் இல்லாத நிலையிலும் படகு இழுவை இழந்தால் வளையத்தைச் சோதித்தல் வேண்டும்.

நின்றிருக்கும் படகிலும் அபாயம் நீங்குவதில்லை. மூடியிருக்கும் இடம் நீர்மட்டத்திற்கு 30 சென்டிமீட்டர் கீழே இருப்பதாகவும், வளையத்தின் ஓரத்தில் ஒரு சதுர சென்டிமீட்டர் அளவுக்கு இடைவெளி இருப்பதாகவும் கொள்வோம். அதன் வழியே நிமிஷத்திற்கு எட்டு லிட்டருக்கு மேல் நீர் புகும். ஒரு மணி நேரத்தில் இது ஏறத்தாழ அரை டன். துறையில் கட்டி வைத்த படகு காலையில் அமிழ்ந்து கிடப்பதற்கு இவ்வளவு சிறிய இடைவெளியே போதுமானது.

ரப்பர் அடைப்பது எவ்வாறு?

ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவினால் வடியும் பாலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ரப்பராகும். பார்மிக் அமிலம் சேர்த்து அதை உறையச் செய்து, உருளைகளினிடையே தகடாக்கி, புகையில் உலர்த்துகின்றனர். கேரளத்தில் வாணிப முறையிலான முதல் தோட்டம் 1902-இல் பெரியாற்றங்கரையில் தட்டேக்காட்டில் தொடங்கப்பட்டது. ரப்பர் போர்டின் ஆராய்ச்சி நிலையம் 1955-ஆம் ஆண்டு முதல் கோட்டயத்தில் இயங்கி வருகிறது. தமிழ்நாட்டில் கன்னியாகுமரி மாவட்டத்தின் குலசேகரம், பேச்சிப்பாறைப் பகுதிகளிலும் இப்பயிர் செழித்து வளர்கிறது.

உலர்ந்த தகட்டிலிருந்து நேராக வளையம் செய்தல் இயலாது. அது வெப்பத்தில் பிசுபிசுக்கும். நசுக்கினால் பழைய வடிவம் பெறாது. கந்தகம் சேர்த்துச் சூடேற்றினால் ரப்பரின் நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகள் ஆங்காங்கே ஒன்றோடொன்று பிணைக்கப்படுகின்றன. 1839-இல் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் கண்டறிந்த இம்முறையே ரப்பருக்கு மீள்சக்தியை அளிக்கிறது. அதாவது, நசுக்கப்பட்ட வளையம் எந்நேரமும் விரியவே முயல்கிறது. அம்முயற்சியால் அது பள்ளத்தின் சுவரையும் மூடியின் முகத்தையும் தள்ளிக்கொண்டே இருக்கிறது. அந்தத் தள்ளுதலே அடைப்பு. தள்ளும் சக்தி போய்விட்ட வளையம் பார்வைக்கு முழுமையாக இருந்தாலும் பயனற்றதாகும்.

இவ்வுண்மையை உலகம் மறக்கவொண்ணாத வகையில் உணர்த்தியது 1986 ஜனவரி 28-ஆம் நாள் நிகழ்ந்த சாலஞ்சர் விண்கல விபத்து. அன்று காலை நிலவிய கடுங்குளிரால் உந்துராக்கெட்டின் இணைப்பிலிருந்த ரப்பர் வளையங்கள் மீள்சக்தி குன்றின. புறப்பட்ட 73-ஆம் விநாடியில் விண்கலம் சிதறி எழுவர் உயிரிழந்தனர். விசாரணையின்போது இயற்பியல் அறிஞர் ரிச்சர்ட் பைன்மன், அவ்வளையத்தின் துண்டொன்றைக் கிடுக்கியால் நசுக்கிப் பனிநீரில் இட்டு எடுத்து, அது உடனே விரியாததை அனைவர் முன்னிலையிலும் காட்டினார். படகின் வளையத்திற்கு அத்தகைய குளிர் நம் நாட்டின் தென்பகுதியில் நேராது. இங்கே மீள்சக்தியைக் குறைப்பவை வெயிலும், எண்ணெயும், நெடுநாள் அழுத்தமுமாகும்.

வளையம் கெடுவதற்கான காரணங்கள்

நெடுநாள் நசுங்கிய ரப்பர் அவ்வடிவிலேயே நிலைத்துவிடுவது முதற் காரணம். இதை எளிதில் கணக்கிடலாம். புதிய வளையத்தின் தடிப்பு 5.0 மில்லிமீட்டர் எனவும், மூடிய நிலையில் அது 4.0 மில்லிமீட்டராக நசுங்குகிறது எனவும் கொள்வோம். மூடியைத் திறந்தபின் 4.7 மில்லிமீட்டர் வரை மீண்டால், நசுங்கிய 1.0 மில்லிமீட்டரில் 0.3 மில்லிமீட்டர் மீளவில்லை. நிலைநசுக்கம் 30 சதவீதம். அதே வளையம் 4.2 மில்லிமீட்டர் வரையே மீண்டால் நிலைநசுக்கம் 80 சதவீதமாகும். அதில் தள்ளும் சக்தி சொற்பமே எஞ்சியிருக்கும். உருண்டையாக இருந்த வளையம் தட்டையாகிவிட்டதைக் கையால் தடவியே உணரலாம்.

இரண்டாவது காரணம் மணல். குப்பையை அகற்றும்போது பள்ளத்தில் தங்கும் ஒரு மணற்பொடி, வளையத்தைத் தூக்கி நிறுத்தி நீருக்கு வழிவிடும்; நாளடைவில் ரப்பரில் தழும்பும் உண்டாக்கும். உப்புநீரில் ஓடும் படகுகளில் உலர்ந்த உப்புப் படிகங்களும் இவ்வாறே தீங்கு செய்யும்.

மூன்றாவது எண்ணெய். இயற்கை ரப்பர் பெட்ரோல், டீசல், மசகெண்ணெய் ஆகியவற்றை உறிஞ்சி ஊதி மெலிவடையும். தேங்காயெண்ணெயும் அதற்கு உகந்ததன்று. எண்ணெயைத் தாங்குவதற்கு நைட்ரைல் எனும் செயற்கை ரப்பர் ஏற்றது. வெயிலையும் காற்றையும் நீரையும் தாங்குவதில் எத்திலீன்-புரோப்பிலீன் ரப்பர் சிறந்தது. ஆனால் கனிம எண்ணெயில் அதுவும் ஊதிவிடும். ஆகவே கறுப்பாக, ஒரே அளவாக இருப்பதால் மட்டும் இரு வளையங்கள் ஒன்றாகிவிடா.

நான்காவது ஓசோன். காற்றில் மிகச் சிறிதளவே உள்ள இவ்வாயு, இயற்கை ரப்பரின் சங்கிலிகளைத் துண்டிக்கிறது. ரப்பர் இழுபட்ட நிலையில் இருப்பின், இழுப்புக்குக் குறுக்கே நுண்ணிய வெடிப்புகள் தோன்றும். மின்பொறி எழும் மோட்டார்களுக்கு அருகில் ஓசோன் மிகுதி. அங்கே உதிரி வளையங்களைச் சேமித்து வைப்பது தவறாகும்.

அன்றாடப் பராமரிப்பு

மூடியைத் திறக்குமுன் யந்திரத்தை நிறுத்திச் சாவியைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். யந்திரம் ஓடும்போது துளையினுள் கை விடுதல் விரல்களை இழப்பதற்கு ஒப்பாகும். பின்னர் துளை நீர்மட்டத்திற்கு மேலே உள்ளதா எனப் பார்த்தல் வேண்டும். பின்பக்கம் ஆட்கள் கூடி நின்றால் படகு அப்பக்கம் தாழ்ந்து, திறந்தவுடன் நீர் பொங்கி வரும். ஆட்களை முன்புறம் அனுப்பிய பிறகே திறக்கலாம்.

குப்பையை அகற்றியபின் வளையத்தையும், பள்ளத்தையும், மூடி அமரும் முகத்தையும் நன்னீரால் கழுவி, நூலுதிராத துணியால் துடைக்க வேண்டும். விரல் நுனியால் வளையத்தைச் சுற்றிலும் தடவிப் பார்த்தால் மணல், வெட்டு, தட்டை ஆகியவை புலப்படும். ஓரிடத்தில் சிறிது வளைத்துப் பார்த்தால் வெடிப்புகள் வாய் திறக்கும். அமர்த்துமுன் சிலிக்கோன் கிரீஸை மெல்லிய படலமாகப் பூசுவது நன்று. அது வளையம் முறுக்கிக்கொள்ளாமல் நழுவி அமர உதவும். கட்டி கட்டியாகப் பூசினால் மணலே ஒட்டும். சிலிக்கோன் ரப்பரால் ஆன வளையத்திற்கு மட்டும் இக்கிரீஸ் ஆகாது.

பல நாட்கள் படகைக் கரையில் நிறுத்தும்போது மூடியைத் தளர்த்தி வைத்தால் வளையம் ஓய்வு பெறும். ஆனால் தளர்த்திய மூடியை மறந்து படகை நீரில் இறக்கிவிடும் அபாயமும் உண்டு. ஆதலால் மூடியைத் தளர்த்தியவர், திசைதிருப்பும் சக்கரத்தில் எச்சரிக்கைச் சீட்டு ஒன்றைக் கட்டிவிடுதல் வேண்டும்.

வளையத்தை மாற்றும் முறை

வெட்டு, வெடிப்பு, ஊதல், பிசுபிசுப்பு, நிலைத்த தட்டை ஆகியவற்றுள் ஒன்று காணப்படினும் வளையத்தை மாற்றியே தீரவேண்டும். திருப்பிப் போட்டு இன்னும் சில நாள் ஓட்டுவது சிக்கனமன்று.

பழைய வளையத்தை மரக்குச்சியாலோ மழுங்கிய பிளாஸ்டிக் துண்டாலோ நெம்பி எடுக்க வேண்டும். திருப்புளியின் முனை பள்ளத்தில் கீறல் உண்டாக்கும்; அக்கீறல் வழியே புதிய வளையமும் ஒழுகும். புதிய வளையத்தின் அளவைப் பழையதை அளந்து தீர்மானித்தல் கூடாது. ஊதியோ நசுங்கியோ அது உருமாறியிருக்கும். தயாரிப்பாளரின் கையேட்டில் உள்ள உள்விட்டம், தடிப்பு, ரப்பரின் வகை ஆகிய மூன்றையும் ஒத்துப் பார்க்க வேண்டும். கையேடு கிடைக்காவிடில் பள்ளத்தின் ஆழத்தையும் அகலத்தையும் அளந்து, வளையத்தின் தடிப்பில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு நசுங்கும்படி தேர்ந்தெடுக்கலாம். ரப்பர் நசுங்கும்போது அதன் கன அளவு குறைவதில்லை; பக்கவாட்டில் பரவ இடம் வேண்டும். ஆதலால் பள்ளத்தை முழுவதும் நிரப்பும் தடித்த வளையம் நல்லடைப்பைத் தராது; மூடியையே அமரவொட்டாமல் செய்துவிடும்.

சிறிய வளையத்தை இழுத்து மாட்டுவதும், ரப்பர்க் கயிற்றை வெட்டிப் பசையிட்டு வளையமாக்குவதும், பழைய வளையத்தின்மேல் நூல் சுற்றுவதும் தவிர்க்கத் தக்கவை. புதிய வளையத்தை இட்டபின் அது எங்கும் முறுக்கின்றி அமர்ந்துள்ளதா எனச் சுற்றிலும் பார்க்க வேண்டும். மூடியைக் குறித்த அளவே இறுக்க வேண்டும். ஒழுகும் வளையத்தை மேலும் இறுக்கிச் சரிசெய்ய முயல்வது, அதன் எஞ்சிய ஆயுளையும் போக்கும். இரட்டை யந்திரப் படகுகளில் இடப்புற, வலப்புற மூடிகளை அடையாளமிட்டு, ஒன்றையொன்று மாற்றாமல் வைத்தல் நலம்.

மாற்றியபின் சோதனை இன்றியமையாதது. மூடியைச் சுற்றி உலர்ந்த காகிதத்தை வைத்துப் படகை நீரில் இறக்கி, வண்டியின் கட்டை அவிழ்க்காமல் சிறிது நேரம் காத்திருக்க வேண்டும். காகிதம் நனையாவிடில் மெதுவாக ஓட்டிப் பார்க்கலாம். பின்பு வேகமாக ஓட்டித் திரும்பி வந்து, மூடி இம்மியும் நகராததை உறுதி செய்த பிறகே படகைப் பணிக்கு அனுப்ப வேண்டும்.

வகுப்பறைச் சோதனைகள்

ஆசிரியர்கள் இவ்விஷயத்தை எளிய பொருள்களைக் கொண்டு விளக்கலாம். ஒரே அளவான மூன்று ரப்பர் வளையங்களை முறையே நீர், தேங்காயெண்ணெய், மண்ணெண்ணெய் ஆகியவற்றில் ஒரு நாள் ஊறவைத்து, எடுத்துத் துடைத்து நீளத்தை அளக்கலாம். மண்ணெண்ணெயில் இட்டது ஊதி நீண்டிருப்பதை மாணவர் தாமே காண்பர். மண்ணெண்ணெயைக் கையாளும்போது அருகில் நெருப்பு இருத்தலாகாது.

மற்றொரு சோதனையில், ஒரு ரப்பர் வளையத்தை மரப்பலகையின்மேல் இழுத்து மாட்டி வெயிலில் வைக்கலாம்; மற்றொன்றை மூடிய புட்டியில் இருட்டில் வைக்கலாம். சில வாரங்கள் கழித்து இரண்டையும் ஒப்பிட்டால் வெடிப்பின் காரணம் விளங்கும். சைக்கிள் டியூபின் துண்டுகளை அடுக்கி, இரு வாஷர்களுக்கிடையே போல்டும் நட்டும் கொண்டு நசுக்கி ஒரு மாதம் வைத்தால், நிலைநசுக்கத்தைச் சதவீதமாகவே கணக்கிடலாம்.

முடிவுரை

2018 ஆகஸ்டு மாதப் பெருவெள்ளத்தின்போது கேரளக் கடற்கரை மீனவர்கள் தங்கள் படகுகளை லாரிகளில் ஏற்றி உள்நாட்டிற்குக் கொண்டுசென்று பல்லாயிரம் மக்களைக் காத்தனர். அத்தகைய வெள்ளத்தில் வேலியும், கயிறும், மரக்கிளையும், துணியும் நீரோடு கலந்திருக்கும். மீட்புப் பணிக்குச் செல்லும் ஜெட் படகு ஒன்று ஒரே நாளில் பன்முறை துப்புரவு மூடியைத் திறக்க நேரிடலாம். அவசரத்தில் மூடப்படும் அந்த மூடி ஒவ்வொரு தடவையும் சரியாக அடைபடுதல் வேண்டும். அதற்கு அமைதியான நாட்களில் செய்த பராமரிப்பே துணை நிற்கும். படகிலுள்ள பெட்டியில் சரியான வகையைச் சேர்ந்த உதிரி வளையங்கள் இரண்டு, சிலிக்கோன் கிரீஸ் சிறிது, சுத்தமான துணி ஒன்று ஆகிய மூன்றும் எப்போதும் இருப்பதைப் பொறுப்பாளர் உறுதி செய்துகொள்ள வேண்டும். உதிரி வளையங்களை ஆணியில் தொங்கவிடாமல், காற்றுப் புகாத உறையில் இட்டு, வெயில் படாத இடத்தில் தளர்வாக வைத்தல் வேண்டும். உறையின்மேல் வாங்கிய தேதியையும் ரப்பரின் வகையையும் எழுதி வைத்தால், பின்வரும் பணியாளருக்கும் ஐயம் எழாது.